ஆலையின் மேல்தட்டு ஏன் நடுங்குகிறது? தணிப்புள்ள பொறிகளின் வலிந்த அதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நெல் ஆலையும் பட்டறையும் நடத்துபவர்கள் ஒரு பக்கம், ஒலுவிலில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அதிர்வு பற்றி இவர்கள் கேட்பவை வெவ்வேறு கேள்விகளாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பொறி எந்த மீடிறனில், அதாவது வினாடிக்கு எத்தனை முறை, உலுக்குகிறது? அதைத் தாங்கி நிற்பது தானாக ஆடினால் எந்த மீடிறனில் ஆடும்? இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் இரும்பைத் தடிப்பாக்குவதும், இறப்பரை அடியில் சொருகுவதும், கொங்கிறீட் கொட்டுவதும் காசைத் தண்ணீரில் போடுகிற வேலை. சில வேளைகளில் அதைவிட மோசம்: அதிர்வு கூடிவிடும். இதைத்தான் ஒவ்வொரு பதிலிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

வலிந்த அதிர்வு என்றால் என்ன?

ஓர் இரும்பு பீமைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அது தன் போக்கில் சிறிது நேரம் ஆடி அடங்கும். அது சுயாதீன அதிர்வு. அந்த ஆட்டத்தின் மீடிறனைத் தீர்மானிப்பவை பீமின் விறைப்பும் அதன் மீதுள்ள திணிவும் மட்டுமே. அதுவே அதன் இயற்கை மீடிறன்.

அதே பீமின் மேல் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுழலும் மோட்டர் ஒன்றைப் பூட்டினால் கதை மாறும். மோட்டர் வினாடிக்கு 24 முறை, அதாவது 24 ஹேர்ட்ஸில், பீமை உலுக்குகிறது. தொடக்கத்தில் பீமின் சொந்த ஆட்டமும் மோட்டரின் உலுக்கலும் கலந்து ஒழுங்கற்ற நடுக்கமாகத் தெரியும். தணிப்பு, அதாவது ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சும் தன்மை, கொஞ்ச நேரத்தில் சொந்த ஆட்டத்தைத் தின்றுவிடும். எஞ்சுவது 24 ஹேர்ட்ஸ் ஆட்டம் மட்டுமே. பீமின் இயற்கை மீடிறன் 10 ஆக இருந்தாலும் 40 ஆக இருந்தாலும், நிலைபெற்ற பிறகு அது ஆடுவது உலுக்குபவனின் மீடிறனில்தான். எவ்வளவு வீச்சத்தில், அதாவது நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம், ஆடும் என்பதில்தான் இயற்கை மீடிறன் உள்ளே வருகிறது.

பாடத்தில் வரும் சமன்பாடு உண்மையில் என்ன சொல்கிறது?

திணிவு × ஆர்முடுகல் + தணிப்பு × வேகம் + விறைப்பு × இடப்பெயர்ச்சி = உலுக்கு விசை. மாணவர்கள் இந்தச் சமன்பாட்டை எழுதத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாமல் தவிப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே இதைச் சற்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் உலுக்கு விசையை உள்ளே மூன்று பேர் பங்கிட்டுச் சுமக்கிறார்கள். விறைப்பு சுமப்பது இடப்பெயர்ச்சிக்கு ஏற்றபடி. தணிப்பு சுமப்பது வேகத்துக்கு ஏற்றபடி. திணிவு சுமப்பது ஆர்முடுகலுக்கு, அதாவது வேகம் மாறும் வீதத்துக்கு, ஏற்றபடி. ஒரே வீச்சத்தில் மீடிறனை மட்டும் இரட்டித்துப் பாருங்கள். விறைப்பின் பங்கு மாறாது. தணிப்பின் பங்கு இரண்டு மடங்காகும். திணிவின் பங்கு நான்கு மடங்காகும். ஆகவே மெதுவான உலுக்கலில் விறைப்பே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சுமக்கிறது. மிக வேகமான உலுக்கலில் திணிவு சுமக்கிறது.

இடையில் ஓர் இடம் வரும். இடப்பெயர்ச்சியும் ஆர்முடுகலும் எப்போதும் எதிரெதிர்த் திசை என்பதால், விறைப்பின் பங்கும் திணிவின் பங்கும் சமமாகும் அந்த மீடிறனில் ஒன்றையொன்று முழுதாக வெட்டிக்கொள்கின்றன. அப்போது வெளி விசையை எதிர்த்து நிற்க மிஞ்சுவது தணிப்பு ஒன்றே. அந்த மீடிறன் இயற்கை மீடிறனுக்குச் சமம். அந்த நிலையே பரிவு.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதே அளவு விசையை ஆடாமல் அசையாமல் வைத்து அழுத்தினால் வரும் இடப்பெயர்ச்சியை 1 என்று வைத்துக்கொள்வோம். தணிப்பு விகிதம் (ஆட்டமே இல்லாமல் நிலைக்குத் திரும்பத் தேவையான தணிப்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண்) 0.02 ஆக இருக்கும் உருக்குச் சட்டகம் ஒன்றை இயற்கை மீடிறனின் பாதியில் உலுக்கினால் வீச்சம் 1.33. இயற்கை மீடிறனிலேயே உலுக்கினால் 25. இரண்டு மடங்கில் உலுக்கினால் 0.33. இப்போது தணிப்பைப் பத்து மடங்காக்கி 0.2 என்று வையுங்கள். பாதியில் 1.29, பரிவில் 2.5, இரண்டு மடங்கில் 0.32. நடு எண் 25இலிருந்து 2.5க்கு விழுந்துவிட்டது, மற்ற இரண்டும் அசையவே இல்லை என்று சொல்லலாம். தணிப்புக்குச் செலவழிக்கும் பணம் பரிவுக்கு அருகில் மட்டுமே பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இதைக் கையால் உணர்ந்து பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. நான்கைந்து இறப்பர் பட்டிகளைச் சங்கிலியாகக் கோத்து நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள். மேல் நுனியைக் கையில் பிடித்து மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பூட்டு கையோடு கூடவே ஏறி இறங்கும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கை ஒரு விரல் அகலம் அசைந்தாலும் பூட்டு சாண் கணக்கில் குதிக்கும். கூர்ந்து பார்த்தால், கை உச்சியைத் தொடும் நேரத்தில் பூட்டு உச்சியில் இருக்காது, நடுவில் இருக்கும். கால் சுற்றுப் பின்தங்கி வரும். இன்னும் வேகமாக ஆட்டுங்கள். கை துடிக்கும், பூட்டு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், அசையும் சிறிதளவும் கைக்கு நேரெதிராக இருக்கும். அடுத்து, பூட்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கி ஆடும்படி செய்து பாருங்கள். நடு வேகத்துக் குதிப்பு அடங்குவதைக் காண்பீர்கள். இந்தப் பரிசோதனையைக் கையால் செய்த மாணவருக்கு, மீடிறனோடு வீச்சம் மாறுவதைக் காட்டும் பாடநூல் வரைபை மனப்பாடம் செய்யும் தேவை இல்லை.

எங்கள் ஆலையின் மேல்தட்டில் புளோவர் (காற்றூதும் விசிறி) ஓடும்போது தட்டே நடுங்குகிறது. புதிதாகப் பூட்டியபோது இப்படி இல்லையே?

கத்திகளைத் திறந்து பாருங்கள். தவிட்டுத் தூசி ஈரத்தோடு சேர்ந்து கத்திகளின் உட்புறத்தில் அடையாகப் படியும். எல்லாக் கத்தியிலும் ஒரே அளவாகப் படியாது. படிந்ததில் ஒரு துண்டு உடைந்து விழுந்தால் இன்னும் மோசம்.

அந்தச் சிறு அடை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். அச்சிலிருந்து 300 மில்லிமீற்றர் தூரத்தில் 50 கிராம் தவிடு கூடுதலாக ஒட்டியிருக்கிறது. புளோவர் நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடுகிறது. அது இழுக்கும் விசை ஏறத்தாழ 340 நியூற்றன். அதாவது 35 கிலோகிராம் பாரத்தை ஒருவர் வினாடிக்கு 24 முறை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிப் போடுவது போன்றது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை 1,440இலிருந்து 1,200க்குக் குறைத்தால் விசை 70 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிடும்.

புளோவரும் அதன் சட்டகமும் சேர்ந்து 200 கிலோகிராம் என்றால், பரிவுக்கு வெகு மேலே ஓடும்போது இந்தச் சமனின்மை தரும் வீச்சம் 0.075 மில்லிமீற்றர் மட்டுமே. பரிவிலேயே, தணிப்பு விகிதம் 0.02 உள்ள சட்டகத்தில், அது 25 மடங்காகி 1.9 மில்லிமீற்றரைத் தொடும். அதே தவிடு, அதே மோட்டர். தாங்குவதன் இயற்கை மீடிறன் மட்டும் வேறு. முதலில் கத்திகளைச் சுரண்டிக் கழுவுங்கள். பிறகும் நடுங்கினால் சமநிலைப்படுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் தட்டின் மீடிறனைத் தேட வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் வெல்டிங்காரரே முதலில் அழைக்கப்படுகிறார்.

அதிர்வை அளக்கக் கருவி இல்லை. பெரியதா சிறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தட்டில் வையுங்கள். தட்டின் கீழ்நோக்கிய ஆர்முடுகல் புவியீர்ப்பை மிஞ்சினால் நாணயம் தட்டைவிட்டு எழும்பிச் சலசலக்கத் தொடங்கும். 24 ஹேர்ட்ஸில் அது நடப்பது வீச்சம் 0.43 மில்லிமீற்றரைத் தாண்டும்போது. நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது 15 ஹேர்ட்ஸ் என்றால் 1.1 மில்லிமீற்றரில். நாணயம் சலசலத்தால் அந்தத் தட்டில் ஒரு நாளும் பொறியை அப்படியே ஓடவிடாதீர்கள். ஒட்டுகள் வெடிக்கும், போல்ட் தளரும்.

அடியில் பழைய டயர்த் துண்டு வைத்தோம். அதிர்வு கூடிவிட்டது. இறப்பர் அதிர்வைக் குறைக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். இறப்பர் என்பதாலேயே அது அதிர்வைத் தடுத்துவிடாது. அது ஒரு விற்சுருளாக வேலை செய்கிறது. பொறியின் பாரத்தில் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. பொறியை வைக்க முன்னும் வைத்த பின்னும் இறப்பரின் உயரத்தை அளந்து, அமுங்கிய அளவை மில்லிமீற்றரில் எடுங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் கிடைப்பது அந்தப் பொறி மேலும் கீழும் ஆடும் இயற்கை மீடிறன், ஹேர்ட்ஸில். பாரம் எவ்வளவு, இறப்பர் என்ன வகை என்று எதுவும் தெரியத் தேவையில்லை.

சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றில் பார்த்தது இது. லொறி டயரில் வெட்டிய துண்டுகளைப் புளோவரின் நான்கு கால்களுக்கும் வைத்திருந்தார்கள். நூலும் கம்பியும் உள்ளோடும் தடித்த துண்டுகள்; நகத்தால் அழுத்தினால் தடம்கூடப் படாது. பாரம் ஏறியதும் அமுங்கியது அரை மில்லிமீற்றர். வர்க்கமூலம் 0.71. 15.8ஐ அதனால் வகுத்தால் 22.3 ஹேர்ட்ஸ். மோட்டர் உலுக்குவது 24இல். பரிவைத் தேடிப் போய் அதன் மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இறப்பரின் தணிப்பு விகிதம் 0.05 என்று எடுத்தால், தரைக்குப் போகும் விசை நேரடியாகப் பூட்டியிருந்தால் போவதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல்.

தரைக்குப் போகும் விசை குறைய வேண்டுமானால், உலுக்கும் மீடிறன் இயற்கை மீடிறனின் 1.41 மடங்கைத் தாண்டியாக வேண்டும். இரண்டின் வர்க்கமூலம் அது. அதற்குக் கீழே எந்த இறப்பரும் எந்த விற்சுருளும் விசையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மூன்று மடங்கு இருந்தால் நல்லது. 24 ஹேர்ட்ஸுக்கு மூன்றில் ஒன்று 8 ஹேர்ட்ஸ். அந்த 8 கிடைக்க, தாங்கி 4 மில்லிமீற்றர் அளவுக்கு அமுங்க வேண்டும். டயர்த் துண்டு அப்படி அமுங்காது. மென்மையான இறப்பர்த் தாங்கியோ உருக்கு விற்சுருளோ தேவை. இறப்பர் ஆடும்போது காட்டும் விறைப்பு, அசையாமல் அழுத்தும்போது காட்டும் விறைப்பைவிடக் கூடியது என்பதால், இறப்பரென்றால் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமுங்கவிடுங்கள்.

இன்னொன்று: இந்தக் கணக்கு, தாங்கியின் கீழே இருப்பது அசையாத தரை என்று வைத்துக்கொண்டது. மெல்லிய ஆங்கிள் இரும்பில் கட்டிய மேல்தட்டே வளைந்து கொடுத்தால் தாங்கிக்கு உதைக்க இடமில்லை. பொறியின் கால்கள் பீமின் நடுவில் நில்லாமல் தூணுக்கு அருகில் நிற்கும்படி நகர்த்திப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதுமாகிவிடுகிறது.

கொங்கிறீட் அடித்தளம் போட்டுப் பாரத்தைக் கூட்டினால் சரியாகுமா?

எங்கே என்பதைப் பொறுத்தது. தரையில் நிற்கும் பொறியின் கீழ்க் கனத்த கொங்கிறீட் கட்டை போட்டு, அதை மென்மையான விற்சுருளில் நிறுத்தினால் பொறியின் ஆட்டம் குறையும். ஆனால் விற்சுருளையும் அதே விகிதத்தில் விறைப்பாக்கி இயற்கை மீடிறனை மாற்றாமல் வைத்தால், தரைக்குப் போகும் விசை குறையாது. ஆடுவது குறைகிறது, கடத்துவது குறையவில்லை.

மேல்தட்டில் பாரம் ஏற்றுவது வேறு கதை. தட்டின் இயற்கை மீடிறன் 30 ஹேர்ட்ஸ், மோட்டர் 24 என்று வைப்போம். இதுவரை ஓரளவு பாதுகாப்பான தூரம் இருந்தது. பாரம் ஏற்ற ஏற்ற 30 இறங்கி 24ஐ நோக்கி வரும். நல்லது செய்வதாக நினைத்து மூட்டை அடுக்குபவர்கள் பரிவை வரவழைத்துவிடுகிறார்கள். மில்லில் நெல் மூட்டை கூடிய நாட்களில் மட்டும் தட்டு நடுங்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். அங்கே செய்ய வேண்டியது விறைப்பைக் கூட்டுவது: குறுக்குச் சாய்கால், நடுத் தூண்.

தணிப்பு கூடினால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. பரிவில் ஓடும் அல்லது பரிவைக் கடந்து போகும் பொறிக்கு அது உயிர்காப்பு. 1.41 மடங்குக்கு மேலே ஓடும் பொறியில் அதே தணிப்பு தரைக்கு விசையைக் கூடுதலாகக் கடத்துகிறது, ஏனென்றால் தணிப்பைத் தரும் உறுப்பான தணிப்பியும் தரையோடு இணைக்கப்பட்ட ஒரு பாதைதான். மூன்று மடங்கில் ஓடும்போது தணிப்பு விகிதம் 0.02 என்றால் 13 சதவீதம் கடக்கும், 0.2 என்றால் 19 சதவீதம்.

தணிப்பின் வகையும் முக்கியம். ஒரு சுற்றில் வெளி விசை உள்ளே தள்ளும் சக்தி வீச்சத்துக்கு நேர்விகிதமானது. எண்ணெய்த் தணிப்பி ஒரு சுற்றில் தின்னும் சக்தியோ வீச்சத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. ஆகவே வீச்சம் ஏற ஏற எண்ணெய்த் தணிப்பி எங்கோ ஓரிடத்தில் உள்ளே வருவதை எட்டிப் பிடித்தே தீரும். அங்கே வீச்சம் நிலைகொள்ளும். உலர் உராய்வு அப்படியல்ல. அது தின்பதும் வீச்சத்துக்கு வெறும் நேர்விகிதம்தான். உராய்வு விசை உலுக்கு விசையின் 79 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், பரிவில் அது ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. வேறெதாவது தடுக்கும்வரை வீச்சம் ஏறிக்கொண்டே போகும். தளர்ந்த போல்ட்டுகள் உராய்ந்து அதிர்வைத் தின்னும் என்று நம்பி விடுவது ஆபத்தான நம்பிக்கை.

வாகனத் தணிப்பிகளை ஏன் அவதித் தணிப்பில் வைப்பதில்லை?

அவதித் தணிப்பு என்பது ஆட்டமின்றி மிக விரைவாக நிலைக்குத் திரும்பும் எல்லை. அந்த அளவு இறுக்கமாக வைத்தால் வீதியின் ஒவ்வொரு சிறு மேடும் தணிப்பி வழியே நேராக இருக்கைக்கு வரும். அதனால் பொதுவாக 0.2 முதல் 0.4 வரை வைக்கிறார்கள்.

மோட்டரை நிறுத்தும்போது மட்டும் பொறி ஒருமுறை பயங்கரமாக உதறி அடங்குகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. மென்மையான தாங்கியில் நிற்கும் பொறி இயற்கை மீடிறனுக்கு மேலே ஓடுகிறது. நிற்கும்போது வேகம் இறங்கி அந்த மீடிறனைக் கடந்தாக வேண்டும். ஏறும்போதும் கடக்கிறது, ஆனால் மோட்டர் இழுக்கும் வலுவில் சட்டென்று தாண்டிவிடும்.

பரிவில் வீச்சம் ஒரே அடியில் உச்சத்துக்குப் போகாது. தணிப்பு விகிதம் 0.02 என்றால், உச்சத்தின் 63 சதவீதத்தைத் தொடவே 8 சுற்று வேண்டும். 8 ஹேர்ட்ஸ் தாங்கியில் அது ஒரு வினாடி. அந்த வினாடி கிடைக்காதபடி தாண்டிவிட்டால் உதறல் சிறிதாகவே இருக்கும். பாரமான சுழலி மின் நின்றபின் தானாக மெதுவாக இறங்கும்போதுதான் அந்த வினாடி தாராளமாகக் கிடைக்கிறது. உதறல் பெரிதானால் தாங்கிகளில் கொஞ்சம் தணிப்பைச் சேர்க்கலாம். ஓடும்போது கடத்தல் சற்றுக் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு. வேகத்தை மாற்றும் இன்வேட்டர் பூட்டியிருந்தால், அதில் குறிப்பிட்ட மீடிறனில் தங்காமல் தாண்டிச் செல்லும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். பயன்படுத்துங்கள்.

அவத்தை வித்தியாசம் (உலுக்கலுக்கு ஆட்டம் எவ்வளவு பின்தங்குகிறது என்பது) என்று படிக்கிறோம். அதனால் நடைமுறையில் என்ன பயன்?

பட்டறையில் பழைய கைகள் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். சுழலும் தண்டின் அருகே வெண்கட்டியை மெதுவாகக் கொண்டுபோய்த் தொட்டும் தொடாமலும் பிடிப்பார்கள். தண்டு எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ அந்தப் பக்கத்தில் கோடு விழும். கோடு விழுந்த பக்கம்தான் பாரமான பக்கம் என்று எண்ணி எதிர்ப்பக்கம் நிறை சேர்ப்பார்கள். பல தடவை சரிவரும். சில தடவை அதிர்வு இரட்டிப்பாகும். ஏன் என்று தெரியாமல் குழம்புவார்கள்.

காரணம் அவத்தை. தண்டு தன் பரிவு வேகத்துக்கு வெகு கீழே ஓடினால் பாரமான பக்கமே வெளியே வரும். பரிவில் வெளியே வருவது பாரமான பக்கத்துக்குக் கால் சுற்றுப் பின்னால் உள்ள பக்கம். தணிப்பு எவ்வளவாக இருந்தாலும் அந்தக் கால் சுற்று, 90 பாகை, மாறாது. பரிவுக்கு வெகு மேலே ஓடினால் வெளியே வருவது இலேசான பக்கம்! அங்கே கோட்டுக்கு எதிரே நிறை சேர்ப்பது பாரத்தின் மேல் பாரம்.

பரிவு வேகத்துக்கு மேலே தண்டு நிலையாக ஓட முடியாது என்றே 1869இல் பொறியியலாளர் ராங்கின் எழுதினார். ஓட முடியும் என்பதையும், அங்கே தண்டு தன் திணிவு மையத்தைச் சுற்றியே சுழல முனைகிறது என்பதையும் 1919இல் ஜெஃப்கொட் என்ற பொறியியலாளர் தெளிவாக விளக்கினார். இன்றைய அதிவேக விசையாழிகள் பல பரிவுக்கு மேலே ஓடுபவை.

கைத்தொலைபேசியால் இயற்கை மீடிறனையும் தணிப்பையும் அளக்க முடியுமா?

முடியும், மேல்தட்டு போன்றவற்றுக்கு நன்றாகவே. தொலைபேசிக்குள் ஆர்முடுகல்மானி இருக்கிறது. அதன் அளவை வரைபாகக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாப் பொறிகளையும் நிறுத்துங்கள். தொலைபேசியை இருபக்க ஒட்டு நாடாவால் தட்டில் இறுக்கி ஒட்டுங்கள். மணல் நிரப்பிய சிறு சாக்கைத் தட்டின் நடுவில் ஒருமுறை போடுங்கள். வரைபில் ஒரு வினாடிக்குள் எத்தனை உச்சம் என்று எண்ணினால் இயற்கை மீடிறன். உச்சத்தின் உயரம் பாதியாக எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி, 0.11ஐ அந்த எண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம். ஐந்து சுற்றில் பாதியானால் 0.022.

ஓர் எச்சரிக்கை. தொலைபேசி வினாடிக்கு 100 முறை அளந்தால், 50 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை அது நம்பத்தகுந்தபடி காட்டாது. உயர் மீடிறன் அதிர்வைத் தாழ் மீடிறனாகத் திரித்துக் காட்டவும் கூடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மோட்டரின் காந்த ரீங்காரம் 100 ஹேர்ட்ஸில் வரும். அதை இந்த முறையால் தேடாதீர்கள்.

வேகத்தையும் மாற்ற முடியாது, தட்டையும் மாற்ற முடியாது. வேறு வழி?

உண்டு. ஜெர்மன் பொறியியலாளர் ஹேர்மன் ஃபிராம் 1909இல் காப்புரிமை கோரிய வழி. தட்டில் ஓர் உருக்குப் பட்டையை ஒரு நுனியில் இறுக்கி, மறு நுனியில் நகர்த்தக்கூடிய நிறையைப் பூட்டுங்கள். அந்தப் பட்டையின் இயற்கை மீடிறன் பொறியின் வேகத்துக்குச் சமமாகும்வரை நிறையை நகர்த்துங்கள். சரியான இடத்தில் பட்டை வெகுவாக ஆடும், தட்டு அடங்கும். பட்டை தரும் விசை உலுக்கு விசையை நேரெதிராக வெட்டுகிறது. முதன்முறை கண்ணால் காண்பவர்கள் நம்ப மறுப்பார்கள்.

விலையும் உண்டு. ஒரு பரிவு போய் இரண்டு பரிவுகள் வரும். 15 ஹேர்ட்ஸ் தட்டில், தட்டின் திணிவில் பத்தில் ஒரு பங்கு நிறையைப் பூட்டினால் புதியவை 12.8இலும் 17.6இலும் நிற்கும். ஆகவே வேகம் மாறாத பொறிக்கே இது பொருந்தும். பட்டையும் களைத்து முறியக்கூடியது என்பதால் கீழே யாரும் நிற்காத இடமாகப் பார்த்துப் பூட்டுங்கள்.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது நடுங்குவது பரிவா?

பாலம் என்றால் நடுங்கும். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் நடுங்கியது, 2013இல் அருகே திறந்த புதிய பாலமும் சிறிதளவு நடுங்கும். ஒரு பஸ் கடந்து போவது ஒழுங்கான மீடிறனில் நீடித்து உலுக்குவதல்ல. பரிவுக்கு நீடித்த ஒழுங்கு வேண்டும். 1831இல் மஞ்செஸ்ரர் அருகே புரோட்டன் தொங்கு பாலம் படைவீரர் அணிநடையில் உடைந்தது. அதன்பின் பாலத்தில் படையினர் நடை கலைத்துச் செல்ல வேண்டும் என்ற வழக்கம் பரவியது. இலண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டு நாளில் மூடப்பட்டது; நடப்பவர்கள் தம்மையறியாமல் பாலத்தின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு இசைந்து அடிவைத்தார்கள். பாகுத் தணிப்பிகள் 37உம் இசைவித்த நிறைகள் பலவும் பூட்டி 2002இல் மீண்டும் திறந்தார்கள். இது நம் பாடத்துக்கு நேரான உதாரணம்.

1940 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவில் விழுந்த ரக்கோமா பாலத்தை வலிந்த அதிர்வுக்கு உதாரணமாக எழுதாதீர்கள். அங்கே காற்று குறித்த மீடிறனில் உலுக்கவில்லை; பாலத்தின் முறுக்காட்டமே காற்றிலிருந்து தனக்குச் சக்தியை இழுத்துக்கொண்டது. தானாக வளரும் அதிர்வு அது. பாடக் குறிப்புகளில் இது இன்னும் தவறாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கச்சான் காற்றுக் காலத்தில் ஆலைப் புகைபோக்கி காற்றுக்குக் குறுக்காக ஆடுகிறது. எப்படி?

உருளையான எதையும் காற்று கடக்கும்போது அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். ஒவ்வொன்றும் புகைபோக்கியைப் பக்கவாட்டில் ஒருமுறை இழுக்கிறது. காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் அந்த இழுப்பின் மீடிறன் கிடைக்கும். விட்டம் 0.6 மீற்றர், காற்று வினாடிக்கு 10 மீற்றர் என்றால் 3.3 ஹேர்ட்ஸ். உயரமான மெல்லிய உருக்குப் புகைபோக்கியின் இயற்கை மீடிறன் இந்தப் பக்கத்திலேயே இருக்கும். கடும் புயலைவிட, ஒரே சீராக வீசும் மிதமான காற்றில் அது கூடுதலாக ஆடுவது இதனால்தான்.

இழுகம்பிகளை இறுக்கினால் மீடிறன் ஏறும். உச்சி மூன்றிலொரு பகுதியில் திருகு சுற்றாக உருக்குப் பட்டை ஒட்டினால் சுழல்கள் ஒழுங்காகக் கழல முடியாமல் சிதறும். வெல்டிங் செய்த உருக்குப் புகைபோக்கியின் தணிப்பு மிகக் குறைவு; அடிப்பகுதி ஒட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று காற்றுக்காலம் முடிந்ததும் பாருங்கள்.

கை உழவு இயந்திரம் ஓட்டிவிட்டு வந்தால் விரல்கள் விறைத்துப்போகின்றன. இதற்கும் வலிந்த அதிர்வுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் பிஸ்டனின் ஏற்ற இறக்கம் 33 ஹேர்ட்ஸில் உலுக்குகிறது. நான்கு அடிப்பு எஞ்சின் என்றால் எரிதல் அதன் பாதியில். நீண்ட கைபிடிக் குழாய் ஒரு பக்கம் மட்டும் பிடித்த பீம். அதன் இயற்கை மீடிறன் இவற்றில் ஒன்றோடு பொருந்தினால் எஞ்சினின் அதிர்வு கைக்கு வரும்போது பெருகிவிடும். வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கைபிடி அமைதியாகும் இடத்தைத் தேடுங்கள். எஞ்சின் பூட்டிய போல்ட்டுகளை இறுக்குங்கள். கைபிடிகள் இரண்டையும் குறுக்குக் குழாயால் இணைத்துப் பாருங்கள். இறப்பர்ப் பிடியும் தடித்த கையுறையும் உயர் மீடிறனில்தான் உதவும். 33 ஹேர்ட்ஸை அவை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு செக்கன் வர்க்கத்துக்கு 2.5 மீற்றரைத் தொட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீற்றரைத் தாண்டக் கூடாது. நம் வயல்களில் யாரும் அளப்பதில்லை. வேலை முடிந்தும் விறைப்பு நீடித்தாலோ, குளிரில் விரல் நுனி வெளுத்தாலோ அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உழவு நாட்களில் இருவர் மாறி மாறி ஓட்டுங்கள். கையில் ஏறும் நேரம் பாதியாகிவிடும்.